இனிப்பு குறையாமலே இனிப்பு குறைந்த ஒயின்

ஒயின் விமர்சனம் படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும், பாதிக்கு மேல் பழக்கடைப் பட்டியலாகத்தான் இருக்கும். உலர்ந்த அத்தி, கொடிமுந்திரி, ஆரஞ்சுத் தோல், சுருட்டுப் பெட்டி, பதனிட்ட தோல் என்று வரிசையாக அடுக்கி, கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு முடித்துவிடுவார்கள். முதிர்ந்த விண்டேஜ் போர்ட்டுக்கு, அதாவது விசேஷமான ஆண்டுகளில் மட்டும் எடுத்துப் பாட்டிலில் பல பத்தாண்டுகள் முதிரவிடும் போர்ச்சுகல் இனிப்பு ஒயினுக்கு, இந்த முறை கொஞ்சமும் உதவாது என்பது என் கட்சி. அத்தி வாசனை வருகிறதா இல்லையா என்பது அங்கே இரண்டாம்பட்சம். அந்த ஒயினுக்குள் பிறக்கும்போதே ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்று சங்கதிகள் இருக்கின்றன: இனிப்பு, துவர்ப்பு, சாராயம். பல பத்தாண்டுகள் ஒரே பாட்டிலுக்குள் அடைபட்டுக் கிடந்த பிறகு அவை ஒத்துப்போயினவா, இன்னும் முறைத்துக்கொண்டு நிற்கின்றனவா என்று பார்ப்பதற்குத்தான் அதைத் திறப்பதே.

வெறும் வாதமாகச் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. ஒரு பாட்டிலை வைத்தே சொல்கிறேன். லண்டனில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு கூட்டு வைத்திருக்கிறோம். தனியாக வாங்கக் கை நடுங்கும் பாட்டில்களை ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வாங்குவது, யாராவது ஒருவர் வீட்டில் கூடிக் குடிப்பது, நள்ளிரவு வரை வாக்குவாதம் செய்வது. அதற்கு மேல் விதிமுறை எதுவும் கிடையாது. சென்ற குளிர்காலத்தில் அப்படிக் கைக்கு வந்தது கிரஹாம் நிறுவனத்தின் 1970ஆம் ஆண்டு விண்டேஜ் போர்ட்.

போர்ட் ஒயின் என்றதும் நம்மவர்களில் பலருக்குக் கோவா நினைவுக்கு வரும். விடுமுறைக்குப் போனவர்கள் மலிவாக வாங்கிவந்து உறவினருக்குக் கொடுக்கிற அந்தத் தித்திப்பான சிவப்புச் சரக்கு. 1961 வரை கோவா போர்ச்சுகலின் கையில் இருந்ததால் பெயர் அங்கே தங்கிவிட்டது. உள்ளே இருப்பது வேறு. அதை வைத்து இதை எடைபோட்டால் இரண்டுக்குமே நியாயம் செய்ததாகாது.

அசல் போர்ட், போர்ச்சுகலின் வடக்கே டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து மட்டுமே வர முடியும். எல்லை போட்டது இன்று நேற்றல்ல. 1703இல் மெத்துவன் உடன்படிக்கை போர்ச்சுகல் ஒயினுக்கு இங்கிலாந்தில் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்த வரியைத் தந்தது. தேவை ஏறியது, தேவையோடு கலப்படமும் ஏறியது. நிறம் வேண்டும் என்பதற்காக எல்டர்பெர்ரி என்ற கறுத்த பழத்தின் சாற்றைக் கலந்தார்கள். 1756இல் போர்ச்சுகல் அரசின் முழு அதிகாரத்தையும் கையில் வைத்திருந்த பொம்பால், வணிகத்தை ஒரு கம்பெனியின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். நல்ல ஒயின் விளையும் நிலத்தைச் சுற்றிப் பெரிய கருங்கல் தூண்களை நட்டார்கள். அந்தப் பகுதியில் இருந்த எல்டர் மரங்களை வேரோடு பிடுங்கச் சொல்லியும் உத்தரவு போனது. கலப்படம் செய்தவனைத் தேடி அலைவதற்குப் பதிலாக மரத்தையே ஒழித்துவிடுகிற அந்த நிர்வாக மூளையை எனக்குப் பிடித்திருக்கிறது. நட்ட தூண்களில் பல இன்னும் திராட்சைத் தோட்டங்களுக்குள் நிற்கின்றன.

இனி அந்த மூன்று சங்கதிகள் எப்படி ஒன்றாக மாட்டிக்கொள்கின்றன என்பதற்கு வருகிறேன்.

டூரோவின் மலைச்சரிவுகள் முழுக்க அடுக்கடுக்காகப் பிளக்கும் பலகைப் பாறை. மண் என்று சொல்லக்கூடியது சொற்பம். கோடையில் 40 டிகிரி சாதாரணம். கொடியின் வேர், பாறையின் பிளவுகளுக்குள் இறங்கித் தண்ணீர் தேட வேண்டும். அங்கே விளையும் டூரிகா நாசியோனால், டூரிகா ஃபிராங்கா போன்ற திராட்சைகளில் நிறமும் துவர்ப்பும் மிகுதி. நாசியோனால் திராட்சை சிறியது. சாறு குறைவு, தோல் அதிகம். நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன என்பதால் இதுவே அதன் பலம்.

சாதாரணச் சிவப்பு ஒயின் தயாரிக்கிறவருக்குத் தோலிலிருந்து இவற்றை இறக்க ஒரு வாரமோ அதற்கு மேலோ அவகாசம் உண்டு. போர்ட்டுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. இரண்டு மூன்று நாட்களில், திராட்சையின் சர்க்கரையில் ஏறக்குறைய பாதி நொதித்து ஆல்கஹாலாக மாறியிருக்கும்போது நொதித்தலை நிறுத்திவிட வேண்டும். ஆகவே கிடைக்கிற நேரத்துக்குள் தோலைப் போட்டு மிதிக்கிறார்கள். 'லகார்' எனப்படும் கருங்கல் தொட்டி, தொடை வரை திராட்சை. முதல் சில மணி நேரம் ஆட்கள் தோளோடு தோள் கோத்து வரிசையாக நின்று, ஒருவர் சொல்லும் தாளத்துக்கு இடம் வலம் என்று அடி எடுத்து வைப்பார்கள். அது கடுமையான வேலை, பேச்சுக்கூட இருக்காது. அது முடிந்த பிறகுதான் இசை, ஆட்டம், கேலி எல்லாம். சுற்றுலாப் புகைப்படங்களில் வருவது இந்தப் பிற்பகுதி. மனிதப் பாதத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: தோலை நசுக்கும், கொட்டையை உடைக்காது. கொட்டை உடைந்தால் கசப்பு இறங்கிவிடும். 2000ஆம் ஆண்டை ஒட்டிப் போர்ட் தயாரிக்கும் சைமிங்டன் குடும்பத்தார் இயந்திர லகார்களை வடிவமைத்தபோது, அவற்றின் மிதிக்கும் பகுதியைச் சிலிக்கோனில் செய்து, காலின் மென்மையையும் சூட்டையும் அப்படியே கொண்டுவருவதற்குத்தான் அத்தனை பாடுபட்டார்கள்.

நொதித்தல் பாதியில் இருக்கும்போது சாற்றை வடித்து, 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தை அதில் ஊற்றுகிறார்கள். மரபான கணக்கு, 550 லிட்டர் பீப்பாய்க்கு 435 லிட்டர் சாறு, 115 லிட்டர் சாராயம். ஈஸ்ட் செத்துப்போகும். தின்னாமல் விட்ட சர்க்கரை அப்படியே நின்றுவிடும். ஆல்கஹால் 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

இப்போது தொட்டியில் இருப்பது என்ன? மிட்டாய் அளவுக்குச் சர்க்கரை. நாக்கை உலர்த்தி இழுக்கும் துவர்ப்பு. வெளியிலிருந்து வந்து சேர்ந்த, இந்தச் சாற்றோடு இன்னும் எந்த உறவும் ஏற்பட்டிராத சாராயம். ஆற்றின் முகத்துவாரத்தில் போர்ட்டோ நகருக்கு எதிர்க்கரையான விலா நோவா டி கையாவில் இதே கிரஹாமின் 2011ஆம் ஆண்டு ஒயினை ஒருமுறை சுவைத்திருக்கிறேன். அருமையான ஆண்டு என்று எல்லோரும் கொண்டாடிய ஆண்டு. கொண்டாட்டத்தில் தவறில்லை, ஆனால் வாயில் மூன்றும் மூன்று திசையில் நின்றன. முதலில் தித்திப்பு, அது அடங்குவதற்குள் ஈறு முழுக்கத் துவர்ப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் சாராயத்தின் எரிச்சல். அந்த முரட்டுத்தனத்தையே விரும்பி, ஒயின் இளசாக இருக்கும்போதே குடிக்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அவர்களோடு எனக்குத் தகராறு இல்லை. என் பங்கையும் அவர்களே குடிக்கட்டும்.

இந்த இடத்தில் ஒரு மனிதரைச் சொல்லாமல் போக முடியாது. ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் போர்ட்டோவில் வணிகம் செய்த பிரிட்டிஷ்காரர். டூரோ ஆற்றுக்கு முதன்முதலாக ஒழுங்கான வரைபடம் போட்டவர். போர்ச்சுகல் அவருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தது. ஒயினில் சாராயம் ஊற்றுவதே கலப்படம் என்று எழுதியும் பேசியும் சக வணிகர்கள் அத்தனை பேரின் பகையையும் தேடிக்கொண்டார். 1861இல் டூரோவின் வலெய்ரா நீர்ச்சுழிப்பில் படகு கவிழ்ந்து இறந்தார். கூட வந்த தோனா அன்டோனியா ஃபெரெய்ரா என்ற தோட்ட முதலாளி அம்மாள் பிழைத்துக்கொண்டார். அவருடைய குடைப் பாவாடை காற்று புகுந்து மிதந்ததால்தான் என்றும், ஃபாரஸ்டரை இடுப்பில் கட்டியிருந்த பணப்பை இழுத்துப்போய்விட்டது என்றும் அந்த ஊரில் கதை சொல்வார்கள். கதை எப்படியோ போகட்டும். இளம் போர்ட்டை வாயில் வைக்கும்போதெல்லாம் ஃபாரஸ்டர் சொன்னது சரிதானே என்று எனக்குத் தோன்றும். சாராயம் அங்கே வந்து ஒட்டிக்கொண்ட வேற்றாள்தான். ஆனால் அவருடைய வாதம் ஜெயித்திருந்தால் ஐம்பதாண்டு தாங்கும் இந்த ஒயின் உலகத்தில் இருந்திருக்காது.

கிரஹாம் 1970க்குத் திரும்புகிறேன். அந்த ஆண்டின் போர்ச்சுகல் சந்தோஷமான நாடு அல்ல. சர்வாதிகார ஆட்சி, ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் 1961இல் தொடங்கிய போர் நடந்துகொண்டிருந்தது. கிராமத்து இளைஞர்களில் ஒரு பகுதி பட்டாளத்துக்கும் மற்றொரு பகுதி பிழைப்புத் தேடிப் பிரான்சுக்கும் போய்விட்டார்கள். மிதிக்க ஆள் இல்லை. மின்சாரமும் பல தோட்டங்களுக்கு வந்திருக்கவில்லை. அதனால் 1960களில், நொதிக்கும்போது கிளம்பும் வாயுவின் அழுத்தத்தாலேயே சாற்றை மேலே ஏற்றித் தோலின் மீது கொட்டும் மூடிய தொட்டிகளைப் பல நிறுவனங்கள் கட்டின. மோட்டார் கிடையாது, ஆள் கிடையாது. ஒயின் தன்னைத் தானே கலக்கிக்கொள்ளும். அந்த ஆண்டில்தான் கிரஹாம் நிறுவனமும் அதன் குடும்பத்தார் கையை விட்டுச் சைமிங்டன் குடும்பத்துக்குப் போனது. கைமாறிய ஆண்டின் சரக்கு சுமாராக இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது நேர்மாறு. அந்த ஆண்டின் மிகச் சிறந்த போர்ட்டுகளில் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது.

விண்டேஜ் என்ற தகுதி ஆண்டுதோறும் கிடைப்பதல்ல. பத்தாண்டுக்கு ஏறக்குறைய மூன்று தடவை, விளைச்சல் விசேஷமாக இருந்தால் மட்டும், நிறுவனம் தன் மொத்தச் சரக்கில் சிறந்த ஒரு சிறு பங்கைத் தனியே எடுத்து விண்டேஜ் என்று அறிவிக்கும். போர்ட் ஒயின் வாரியத்தின் சுவைக் குழு அதற்கு ஒப்புதல் தர வேண்டும். பெரிய மரத்தொட்டியில் இரண்டு வருஷத்தை ஒட்டி வைத்திருந்து, வடிகட்டாமல் பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். தயாரித்தவரின் வேலை அதோடு முடிந்தது. மீதி வேலை இருட்டறையில் பாட்டிலுக்குள் நடக்க வேண்டும். லேபிளில் ஆண்டு போட்டிருப்பதாலேயே எல்லாம் விண்டேஜ் ஆகிவிடாது. எல்.பி.வி. என்ற வகை நான்கிலிருந்து ஆறு வருஷம் மரத்தில் இருந்து, பெரும்பாலும் வாங்கியவுடன் குடிக்கத் தயாராக வருவது. கொல்யெய்ட்டா என்பது ஒரே ஆண்டின் சரக்குதான் என்றாலும் குறைந்தது ஏழு வருஷம் பீப்பாயில் காற்றுப்பட்டுப் பழுப்பேறியது. 20 வருஷ டானி என்று விற்கும் பீப்பாய்ப் போர்ட்டும் அந்தச் சாதி. அவையெல்லாம் நன்றாகவே இருக்கும். ஆனால் காற்றுப்பட்டு முதிர்வது வேறு, காற்றே இல்லாமல் முதிர்வது வேறு.

எங்கள் பாட்டில் கறுத்த கண்ணாடி. லேபிள் ஈரத்தில் ஊறிப் பாதி உதிர்ந்திருந்தது. பழைய போர்ட்டில் இதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஈரமான நிலவறையில் கிடந்ததற்கு அது ஓர் அத்தாட்சி. பார்க்க வேண்டியது ஒயினின் மட்டம். கழுத்தின் அடிவரை நின்றால் நிம்மதி, தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் சந்தேகம். இது கழுத்தில் நின்றது. தக்கையிலும் நிறுவனத்தின் பெயரையும் ஆண்டையும் சூடு போட்டுப் பொறிப்பார்கள் என்பதால் லேபிள் போனாலும் அடையாளம் போகாது. 1970களின் நடுப்பகுதி வரை போர்ட்டைப் பீப்பாயிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பி, இங்குள்ள வணிகர்கள் தங்கள் நிலவறையில் பாட்டிலில் அடைப்பதும் வழக்கமாக இருந்தது. ஒரே ஆண்டு, ஒரே நிறுவனம், ஆனால் அடைத்த கை வேறு வேறு. அதனால் 1970ஐப் பற்றி இருவர் பேசிக்கொள்ளும்போது இருவரும் ஒரே ஒயினைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று விசாரிப்பது நல்லது.

படுக்கவைத்திருந்த பாட்டிலை இரண்டு நாட்களுக்கு முன்பே நிமிர்த்தி வைத்துவிட்டார் வீட்டுக்காரர். பக்கவாட்டில் ஏடாகப் படிந்திருக்கும் வண்டல் அடியில் இறங்க வேண்டும். அந்தக் காலத்தில் பாட்டிலின் மேல்பக்கத்தில் சுண்ணாம்பு வெள்ளை ஒரு தீற்றுப் போட்டு வைப்பார்கள். இடம் மாற்றினாலும் அதே பக்கம் மேலே இருக்கும்படி மறுபடி படுக்கவைத்தால் வண்டல் கலையாது.

தக்கையை எடுப்பதுதான் மனத்தைப் பிசையும் கட்டம். அரை நூற்றாண்டு ஊறிய தக்கை, கழுத்தின் உட்புறம் அகன்றிருப்பதால் கீழே தடித்து உப்பியிருக்கும். திருகை உள்ளே விட்டு இழுத்தால் மேல்பாதி மட்டும் கையோடு வரும். இதற்காகவே இடுக்கி ஒன்று இருக்கிறது. அதன் வாயைச் செக்கச் சிவக்கக் காய்ச்சிக் கழுத்தில் தக்கைக்குக் கீழே கவ்விப் பிடித்து, உடனே ஈரத்துணியை வைத்தால் கண்ணாடி வட்டமாக விண்டுவிடும். கழுத்தும் தக்கையும் ஒன்றாகக் கழன்று வரும். பார்க்கப் பிரமாதம். எங்களிடம் இடுக்கியும் இல்லை, அந்தத் துணிச்சலும் இல்லை. இரண்டு தகடுகளைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையில் செருகி ஆட்டி ஆட்டி எடுக்கும் கருவியை வைத்துப் போராடி, முக்கால் தக்கையை முழுதாகவும் மீதியைத் துகளாகவும் எடுத்தோம்.

பிறகு இறுப்பது. கழுத்துக்குக் கீழே ஒரு டார்ச் விளக்கு, புனலில் மெல்லிய மஸ்லின் துணி. ஊற்ற ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது. பாட்டிலை நிமிர்த்தினால் அடியில் தங்கியது கலங்கிவிடும். ஒரே சாய்வு, ஒரே ஓட்டம். முதல் முக்கால் பங்கு விளக்கு வெளிச்சத்தில் மாதுளைச் சிவப்பில் தெளிவாக ஓடியது. அப்புறம் கழுத்துக்குள் மெல்லிய புகைபோல ஓர் இழை நுழைந்தது. அதற்குப் பின்னாலேயே கறுத்த துணுக்குகள். அங்கே நிறுத்தினோம். பாட்டிலில் எஞ்சியதை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கவிழ்த்துப் பார்த்தேன். காபி வடிகட்டியில் தங்கும் சக்கையின் நிறத்தில், ஆனால் சேறுபோல வழவழப்பாக, பக்கவாட்டில் படிந்திருந்த ஏடு சில்லுச் சில்லாக உடைந்து கிடந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். வாயைக் கட்டும் துவர்ப்பு.

இளம் ஒயினில் ஈறைப் பிடித்து இழுத்த துவர்ப்பின் ஒரு பங்கு இந்தக் கிண்ணத்துக்கு வந்துவிட்டது. துவர்ப்புப் பொருள்களும் நிறப் பொருள்களும் வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, கரைந்து நிற்க முடியாமல் அடியில் இறங்குகின்றன. அதனால்தான் ஒயினின் நிறமும் துவர்ப்பும் சேர்ந்தே குறைகின்றன. வடிகட்டிப் பாட்டிலில் அடைத்திருந்தால் இந்த வேலை நடக்கக் கச்சாப்பொருளே குறைந்திருக்கும்.

கண்ணாடிக் கூஜாவில் இரண்டு மணி நேரம் விட்டோம். கிளாஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். போர்ட் என்றாலே விரல் நீளக் கிளாஸை நீட்டுகிற உணவகங்கள் இன்னும் இருக்கின்றன. மூக்கை நுழைக்க இடமில்லாத கிளாஸில் இவ்வளவு விலையுள்ள ஒயினை ஊற்றுவதற்குப் பேசாமல் இருமல் மருந்து குடிக்கலாம். சாதாரண ஒயின் கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஊற்ற வேண்டும். 16 முதல் 18 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெப்பம் கூடினால் சாராயம்தான் முதலில் மேலே கிளம்பும். பிறகு ஒயினின் மேல் பழி போடக் கூடாது.

வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்துப் பார்த்தோம். நடுவில் இன்னும் நல்ல சிவப்பு. விளிம்புக்கு வர வரச் செங்கல் நிறம், கடைசி நூலிழையில் தேன் மஞ்சள். மோந்து பார்த்தால் முதலில் மூடிய அறையின் நெடி. சற்று நேரத்தில் அது விலகிற்று. பிறகு வந்த வாசனைகளுக்கு நானும் பட்டியல் போடலாம். ஆரஞ்சுத் தோலும் கறுப்புத் தேயிலையும் இருந்தன என்பதோடு விட்டுவிடுகிறேன்.

வாயில் வைத்ததும் இனிப்பு வந்தது. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும், நாக்கின் மேல் உட்காரவில்லை. நடு நாக்குக்கு வரும்போதே மெலிந்து, அதன் இடத்தில் இளம் புளிப்பு ஒன்று எழுந்தது. துவர்ப்பு இருந்தது, ஆனால் ஈறில் இல்லை. விழுங்கிய பிறகு அண்ணத்தில் பொடி தூவினாற்போல. சாராயம் எங்கே என்று தேடினேன். மூக்குக்கு வரவே இல்லை. நெஞ்சுக்குள் இறங்கிய சூடாக மட்டும் தெரிந்தது. இன்னொரு வாய் எடுத்து, இது எங்கே முடிகிறது, அது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அண்ணை, இதில் இருந்த சர்க்கரை எங்கே போய்விட்டது? இது போர்ட் தானே?"

நல்ல கேள்வி. சர்க்கரை எங்கும் போகவில்லை. அதைத் தின்ன உயிருள்ள ஈஸ்ட் உள்ளே கிடையாது. 20 சதவீத ஆல்கஹாலில் அது பிழைக்காது. அளந்து பார்த்தால் அடைத்த நாளில் இருந்ததுதான் கிட்டத்தட்ட இன்றும் இருக்கும். நாக்குக்குத்தான் குறைந்து தெரிகிறது. கூட்டத்தில் வேதியியல் படித்த இன்னொரு நண்பர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. துவர்ப்பு குறைந்தால் இனிப்பு இன்னும் அதிகமாக அல்லவா தெரிய வேண்டும் என்று வாதாடினார். தர்க்கப்படி அவர் சொல்வது சரிதான். ஆனால் அவர் கிளாஸில் இருந்தது அவர் தர்க்கத்துக்குக் கட்டுப்படவில்லை. பழத்தின் பச்சை வாசனை இருக்கிற வரைக்கும் மூளை இனிப்பைக் கூட்டிக் காட்டுகிறது, அந்த வாசனை தேயிலையும் காய்ந்த இலையுமாக மாறும்போது அதே சர்க்கரை சற்று ஒதுங்கி நிற்கிறது என்பது என் ஊகம். வாக்குவாதம் அன்று முடியவில்லை.

எல்லாப் பாட்டிலிலும் இப்படி நடந்துவிடுவதில்லை. வேறொரு நிறுவனத்தின் அதே காலத்து போர்ட் ஒன்றை முன்பு திறந்திருக்கிறோம். மட்டம் இறங்கியிருந்தது, அலமாரியில் வெப்பத்தில் வைத்திருந்தார்களோ என்னவோ. நிறம் வெளிறிப்போய், பழமும் துவர்ப்பும் முன்பே விடைபெற்றுக்கொண்டுவிட்டன. மிச்சம் இருந்தது சர்க்கரைத் தண்ணீரும் அதன் மேல் துருத்திக்கொண்டு நின்ற சாராயமும். வாசனையில் அதற்கும் அத்தி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் உண்டு. பழப் பட்டியல் போட்டு மதிப்பிடுகிறவர் அதற்கும் நல்ல மதிப்பெண் கொடுத்திருப்பார். எனக்குப் பட்டியல் மேல் நம்பிக்கை போனது அந்தப் பாட்டிலில்தான்.

குடிக்கும் சடங்குகளைப் பற்றி இங்கிலாந்துக்காரர்களிடம் கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வார்கள். கூஜாவை இடப்பக்கமாகவே கடத்த வேண்டும். யாராவது தன் முன்னால் நிறுத்திவைத்துக்கொண்டால் நேரடியாகக் கேட்பது அநாகரிகம், "உங்களுக்கு நார்விச் பிஷப்பைத் தெரியுமா?" என்று விசாரிக்க வேண்டும். விஷயம் தெரிந்தவர் உடனே கூஜாவைத் தள்ளிவிடுவார். தெரியாதவர் "தெரியாதே" என்றால், "நல்ல மனிதர்தான், ஆனால் போர்ட்டைக் கடத்திவிட மறந்துவிடுவார்" என்று பதில் சொல்வார்கள். கேட்டு வாங்கிக் குடிக்கத் தெரியாத ஒரு சமூகம் இதற்காக ஒரு பிஷப்பையே இழுத்திருக்கிறது.

இன்னொரு சடங்கோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. நீலப் பூஞ்சை படர்ந்த ஸ்டில்டன் சீஸ் இல்லாமல் போர்ட் குடிப்பது இங்கே பாவம். இளம் போர்ட்டுக்கு அது பொருந்தும். உப்பும் தித்திப்பும் மோதிக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அரை நூற்றாண்டு கழித்து ஒருவழியாக அமைதிக்கு வந்திருக்கிற ஒயின் பக்கத்தில் அவ்வளவு உப்பைக் கொண்டுபோய் வைப்பது எந்த ஊர் நியாயம்? ஒரு துண்டு தின்றவுடன் அடுத்த வாயில் அந்த இளம் புளிப்பு காணாமல் போயிற்று. தட்டை ஓரமாக வைத்துவிட்டு வால்நட் பருப்பை உடைத்துக்கொண்டோம். சாக்லேட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கூஜாவில் மிஞ்சியதை வீட்டுக்காரர் மறுநாள் மாலை குடித்துப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னார். வாசனை பாதியாகிவிட்டது, சாராயம் லேசாகத் தலைகாட்டுகிறது என்றார். இளம் விண்டேஜ் திறந்த பிறகும் சில நாட்கள் தாங்கும். இந்த வயதில் அதே இரவில் முடித்துவிடுவதுதான் உத்தமம். மீதி வைப்பது சிக்கனம் ஆகாது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1963, 1970, 1977 என்ற ஆண்டுகளின் பெயருக்கே விலை ஏறிக் கிடக்கிறது. 1980ம் 1983ம் 1977இன் நிழலில் மறைந்து போனவை; டௌ, வார், கிரஹாம் ஆகிய நிறுவனங்களின் இந்த ஆண்டுப் பாட்டில்கள் இப்போது குடிக்கத் தோதான வயதில் இருக்கின்றன, விலையும் அவ்வளவு கொடுமை இல்லை. அதுவும் கட்டுப்படியாகாவிட்டால் ஒற்றைத் தோட்டத்து விண்டேஜ் பக்கம் போகலாம். பொது அறிவிப்பு இல்லாத ஆண்டுகளில் கிரஹாம் தன் மால்வெடோஸ் தோட்டத்தின் பெயரிலும் டெய்லர் தன் வர்கெலாஸ் தோட்டத்தின் பெயரிலும் அடைப்பது. அவை சற்றுச் சீக்கிரமே முதிரும், இருபது இருபத்தைந்து வயதில் நன்றாக இருக்கும். பிறந்த குழந்தையின் பெயரில் அதே ஆண்டு போர்ட்டை வாங்கிவைக்கும் பிரிட்டிஷ் பழக்கத்தைப் பார்த்து எங்கள் கூட்டில் ஒருவர் தன் மகளுக்காக 2016ஆம் ஆண்டுப் போர்ட்டில் ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறார். மகள் வளர்ந்து குடிக்காதவளாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டோம். அதற்காகத்தான் வாங்கினேன் என்கிறார் மனிதர்.